புறநகர்ப் பள்ளி மாவட்டங்களை ஒப்பிடுவது எப்படி? நியூ ஜெர்சியில் வீடு தேடும் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் மூத்த மகள் முதல் வகுப்பில் சேர வேண்டிய ஆண்டு அது. வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு நானும் மனைவியும் பள்ளி மாவட்ட அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அம்மையார் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தார். முகவரியின் கீழே பென்சிலால் மெல்லக் கோடு இழுத்தார். கணினியில் ஒரு வரைபடத்தைத் திறந்தார். "உங்களுக்குத் தபால் இந்த ஊர்ப் பெயரில்தான் வரும். ஆனால் வீடு பக்கத்து டவுன்ஷிப்பில் இருக்கிறது. குழந்தையை அங்கேதான் சேர்க்க முடியும்" என்றார். ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது.

பக்கத்து ஊர்ப் பள்ளி நல்ல பள்ளியாகவே அமைந்தது. மகள் அங்கே மகிழ்ச்சியாகத்தான் படித்தாள். ஆனாலும் குழந்தை எங்கே படிப்பாள் என்பதே தெரியாமல் வீடு பிடித்திருக்கிறோம் என்ற எண்ணம் பல நாள் உறுத்தியது. சில ஆண்டுகள் கழித்துச் சொந்த வீடு வாங்க முடிவெடுத்தபோது ஆறு மாதம் இதே வேலையாக இருந்தோம். அந்த ஆறு மாதத்தில் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன். நான் அறிந்தது நடு நியூ ஜெர்சி. எடிசன், பிளெயின்ஸ்பரோ, தெற்கு பிரன்சுவிக் என்று தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் பகுதி. மற்ற மாநிலங்களில் சட்டம் மாறும், பார்க்கும் முறை பெரும்பாலும் இதுவேதான்.

"எந்த ஊர் நல்ல ஊர்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை கிடையாது. "இந்தக் கதவு எண்ணில் குடியிருந்தால் என் குழந்தை எந்தெந்தக் கட்டடத்தில், எப்படிப்பட்ட வகுப்பில் உட்காரும்?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு விடை உண்டு, தேடினால் கிடைக்கும்.

முதல் படி: கோடு எங்கே போகிறது?

மாவட்டம் என்றதும் நமக்கு மதுரை மாவட்டம், தஞ்சாவூர் மாவட்டம் என்ற அளவு மனத்தில் வரும். பள்ளி மாவட்டம் அவ்வளவு பெரியதன்று. நியூ ஜெர்சியே பரப்பில் தமிழ்நாட்டின் ஆறில் ஒரு பங்குதான். அதற்குள் 21 கவுண்டிகள் (மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவுகள்), 564 நகராட்சிகள் (டவுன்ஷிப் என்பதும் ஒரு வகை நகராட்சிதான்), ஏறத்தாழ 600 பள்ளி மாவட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கல்வி வாரியம், தனிக் கண்காணிப்பாளர், தனி வரி. ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டுப் பிள்ளைகள் வெவ்வேறு மாவட்டத்தில் படிப்பது இங்கே சாதாரணம்.

தபால் முகவரியை நம்பாதீர்கள். பிரின்ஸ்டன் என்று முடியும் முகவரிகள் பிளெயின்ஸ்பரோ, வெஸ்ட் விண்ட்சர், தெற்கு பிரன்சுவிக், மாண்ட்கோமரி, லாரன்ஸ் டவுன்ஷிப்களிலும் இருக்கின்றன. பிரின்ஸ்டன் ஜங்ஷன் என்பது வெஸ்ட் விண்ட்சரைச் சேர்ந்தது. மன்மத் ஜங்ஷன், கெண்டல் பார்க், டேட்டன் மூன்றும் தெற்கு பிரன்சுவிக். ஐசலின் என்பது உட்பிரிட்ஜ் டவுன்ஷிப்பின் ஒரு பகுதி. ஆகவே வீட்டின் சொத்து வரிப் பதிவைப் பாருங்கள். வரி எந்த நகராட்சிக்குப் போகிறது என்பதை அது ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிடும்.

நகராட்சி தெரிந்தபின் மாவட்ட அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, கதவு எண்ணையும் தெருப் பெயரையும் சொல்லி, எந்தத் தொடக்கப் பள்ளி, எந்த நடுநிலைப் பள்ளி, எந்த உயர்நிலைப் பள்ளி என்று மூன்றையும் கேளுங்கள். விற்பனை விளம்பரத்தில் போட்டிருக்கும் பள்ளிப் பெயருக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. தரகரிடம் "இது நல்ல பள்ளியா?" என்று கேட்டால் பலர் நழுவுவார்கள். 1968ஆம் ஆண்டின் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் இனம், மதம் போன்றவற்றின் அடிப்படையில் வாங்குவோரை ஓர் ஊருக்குத் திருப்பிவிடுவதைத் தடுக்கிறது. பள்ளியைப் பற்றிய பேச்சு அந்த எல்லையைத் தொட்டுவிடும் என்று அவர்கள் கவனமாக இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நீங்கள்தான் விடை தேட வேண்டும்.

இரண்டாம் படி: மழலையர் வகுப்பிலிருந்து 12 வரை முழுப் பாதை

தொடக்கப் பள்ளியை மட்டும் பார்த்து வீடு வாங்குகிறவர்கள் நிறைய. குழந்தைக்கு ஐந்து வயது, கண்ணுக்குத் தெரிவது அதுதான். ஆனால் வீட்டுக் கடன் 30 ஆண்டுக்கு.

பாதைகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பாருங்கள். எடிசனில் இரண்டு உயர்நிலைப் பள்ளிகள், எடிசன் உயர்நிலைப் பள்ளியும் ஜே.பி. ஸ்டீவன்ஸும். வீடு எந்தப் பகுதியில் என்பதைப் பொறுத்துப் பள்ளி மாறும், அதனாலேயே வீட்டு விலையும் மாறும். வெஸ்ட் விண்ட்சரும் பிளெயின்ஸ்பரோவும் சேர்ந்து ஒரே மாவட்டம். அங்கும் வடக்கு, தெற்கு என்று இரண்டு உயர்நிலைப் பள்ளிகள். மாண்ட்கோமரியில் இந்தப் பிரிவினையே இல்லை. டவுன்ஷிப் முழுவதற்கும் 2ஆம் வகுப்பு வரை ஒரு கட்டடம், 3, 4க்கு ஒன்று, 5, 6க்கு ஒன்று, 7, 8க்கு ஒன்று, பிறகு உயர்நிலைப் பள்ளி. எந்தத் தெருவில் வாங்கினாலும் அதே பள்ளிகள்தான். ஆனால் பிள்ளை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கட்டடம் மாற வேண்டும். மூன்று வயது இடைவெளியில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் அவர்கள் ஒரே பள்ளியில் இருக்கும் ஆண்டுகள் மிகக் குறைவு. காலையில் இரண்டு பேருந்து, இரண்டு நேரம்.

கிரான்பரி சிறிய ஊர். 8ஆம் வகுப்பு வரைதான் அங்கே பள்ளி. பிறகு பிள்ளைகள் பிரின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள், இரு மாவட்டங்களுக்கும் இடையே அப்படி ஓர் ஏற்பாடு. மார்ல்பரோவிலும் டவுன்ஷிப்பின் மாவட்டம் 8 வரைதான். அதன்பின் எட்டு ஊர்களுக்குப் பொதுவான ஃப்ரீஹோல்டு வட்டார உயர்நிலைப் பள்ளி மாவட்டம். அந்த மாவட்டத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகள். மார்ல்பரோவில் வீடு பார்க்கிறவர் இரண்டு மாவட்டங்களை ஆராய வேண்டும். வரி ரசீதிலும் இரண்டும் தனித்தனி வரியாக வரும். மாண்ட்கிளேர் வேறு மாதிரி: அங்கே தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு வட்டாரமே கிடையாது, பெற்றோர் விருப்ப வரிசை கொடுக்க, மாவட்டம் ஒதுக்குகிறது.

புதிதாக வருகிறவர்கள் கவனிக்காத ஒன்று, கவுண்டி. நியூ ஜெர்சியில் பல கவுண்டிகள் நுழைவுத் தேர்வுடன் கூடிய சிறப்பு உயர்நிலைப் பள்ளிகளை நடத்துகின்றன. பெர்கன் கவுண்டி அகாடமிஸ், மன்மத் கவுண்டியின் ஹை டெக்னாலஜி உயர்நிலைப் பள்ளி, எடிசனில் உள்ள மிடில்செக்ஸ் கவுண்டி அகாடமி ஆகியவற்றின் பெயர் பலருக்கும் தெரியும். அந்தந்தக் கவுண்டியில் குடியிருப்பவர்களுக்கான பள்ளிகள் அவை. பிளெயின்ஸ்பரோ மிடில்செக்ஸ் கவுண்டியில் இருக்கிறது, வெஸ்ட் விண்ட்சர் மெர்சர் கவுண்டியில். ஒரே வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் இரண்டு தோழிகளில் ஒருத்தி மிடில்செக்ஸ் அகாடமிக்கு விண்ணப்பிக்கலாம், மற்றவளால் முடியாது. எந்தத் தரவரிசையிலும் இது வராது.

மூன்றாம் படி: மதிப்பெண்களை எப்படிப் படிப்பது?

வீட்டு விற்பனைத் தளங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே 1 முதல் 10 வரை ஓர் எண் இருக்கும். கிரேட்ஸ்கூல்ஸ் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு கொடுப்பது அது. நிச் என்ற தளம் எழுத்தில் தரம் போடும். பெற்றோர், மாணவர் கருத்துகளும் அதில் கலந்திருக்கும். இந்த எண்களுக்கு மக்கள் உண்மையிலேயே பணம் கொடுக்கிறார்கள். பாஸ்டன் புறநகர்களில், பள்ளி எல்லைக் கோட்டின் இருபுறமும் உள்ள வீடுகளை ஒப்பிட்டு சாண்ட்ரா பிளாக் என்ற பொருளியலாளர் 1999இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு கூடினால் பெற்றோர் வீட்டுக்கு 2.5 விழுக்காடு கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்று அவர் கணக்கிட்டார்.

அந்தப் பணம் எதை வாங்குகிறது? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் குழு நாடு முழுவதும் கோடிக்கணக்கான மாணவர்களின் தேர்வு முடிவுகளை வைத்துக் காட்டியது இது: ஒரு மாவட்டத்தின் சராசரி மதிப்பெண் பெரும்பாலும் அங்குள்ள குடும்பங்களின் வருமானத்தையும் கல்வியையும் ஒட்டியே போகிறது. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு பிள்ளைகள் எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்பதற்கும் வருமானத்துக்கும் உள்ள தொடர்பு மிகப் பலவீனம். அதாவது, உயர்ந்த சராசரி என்பது பிள்ளைகள் வீட்டிலிருந்து எதைக் கொண்டுவருகிறார்கள் என்பதைச் சொல்கிறது. பள்ளி என்ன கூட்டிக் கொடுக்கிறது என்பதை வளர்ச்சி எண்தான் சொல்லும்.

அந்த வளர்ச்சி எண்ணை நியூ ஜெர்சிக் கல்வித் துறை இலவசமாகவே வெளியிடுகிறது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுதோறும் ஒரு செயல்திறன் அறிக்கை வரும். அதில் மாணவர் வளர்ச்சிச் சதமானம் என்ற பகுதியைத் திறங்கள். முந்தைய ஆண்டுகளில் ஒரே மாதிரி மதிப்பெண் எடுத்த, மாநிலம் முழுவதும் உள்ள மாணவர்களோடு ஒரு பிள்ளையை ஒப்பிட்டு, இந்த ஆண்டு அவர்களுள் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். பள்ளியின் நடு மதிப்பு 40 முதல் 59.5க்குள் இருந்தால் மாநிலத்தின் எதிர்பார்ப்பை எட்டியதாகக் கொள்வார்கள். தரவரிசையில் 9 வாங்கிய பள்ளியின் வளர்ச்சி 45 என்றும், 7 வாங்கிய பள்ளியின் வளர்ச்சி 62 என்றும் இருந்தால், இரண்டாவது பள்ளியின் வாசலில் போய் நின்று பார்க்காமல் வீடு வாங்க மாட்டேன்.

இந்த அறிக்கையில் பெற்றோர் அடிக்கடி வழுக்கி விழும் இடம் 8ஆம் வகுப்புக் கணிதம். கணிதத்தில் முன்னேறிய பிள்ளைகள் 7 அல்லது 8ஆம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா எடுப்பார்கள்; அவர்கள் எழுதுவது அல்ஜீப்ரா தேர்வு. 8ஆம் வகுப்புக் கணிதத் தேர்வை எழுதுகிறவர்கள் மீதமுள்ளவர்கள். அதனால் மிக நல்ல நடுநிலைப் பள்ளியில்கூட 8ஆம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு பாதாளத்தில் கிடக்கும். அதைப் பார்த்து மிரண்டு பட்டியலிலிருந்து ஒரு பள்ளியையே நீக்கிவிட இருந்தோம். அல்ஜீப்ரா தேர்வு முடிவையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது. அல்ஜீப்ரா தேர்வை எத்தனை பிள்ளைகள் எழுதினார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்; யாருக்கு அந்த வாய்ப்புத் திறந்திருக்கிறது என்பதை அது காட்டும்.

ஓர் ஆண்டு முடிவை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். குறைந்தது மூன்று ஆண்டு பாருங்கள். கோவிட் காரணமாக 2020, 2021 வசந்தகாலங்களில் மாநிலத் தேர்வு நடக்கவில்லை, அந்த இடைவெளியை மனத்தில் வையுங்கள்.

மிச்ச எண்களில் நான் மதிப்பது நாள்பட்ட வருகையின்மை. பள்ளி நாட்களில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ வராத மாணவர்களின் பங்கு அது. 180 நாளில் 18 நாள். பிள்ளைகள் பள்ளிக்கு வர விரும்புகிறார்களா, வராதபோது யாராவது கவனிக்கிறார்களா என்பதன் தடயம் அதில் இருக்கிறது. உயர்நிலைப் பள்ளியை நான்கு ஆண்டில் முடிப்பவர்களின் விழுக்காடு இந்தப் புறநகர்களில் பயன்படாது; நல்ல ஊர்களில் எல்லாமே 90ஐத் தாண்டித்தான் இருக்கும். மாணவர்-ஆசிரியர் விகிதத்தை வகுப்பின் அளவு என்று எண்ணாதீர்கள். சிறப்புக் கல்வி ஆசிரியர், வாசிப்புப் பயிற்சியாளர் எல்லோரையும் சேர்த்த கணக்கு அது. விகிதம் 11 என்று இருக்கும், உங்கள் பிள்ளையின் வகுப்பில் 25 பேர் இருப்பார்கள். "இப்போது 3ஆம் வகுப்பின் ஒரு பிரிவில் எத்தனை பேர்?" என்று நேரடியாகக் கேளுங்கள்.

நான்காம் படி: உங்கள் பிள்ளைக்கு என்ன வேண்டும்?

வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "அண்ணா, நாங்கள் முதலில் இருந்த ஊர்ப் பள்ளிக்கு 9. எல்லோரும் கொண்டாடும் பள்ளி. பையனுக்குப் பேச்சுப் பயிற்சி வேண்டும் என்று கேட்டு ஓர் ஆண்டு அலைந்தோம். இப்போதிருக்கும் பள்ளிக்கு 6தான். சேர்ந்த மாதமே அவனை உட்கார வைத்துப் பார்த்தார்கள். இப்போது கதை சொல்லாமல் தூங்க மாட்டேன் என்கிறான்." எங்கள் பட்டியலில் இருந்த எண்களை அன்று இரவே மீண்டும் எடுத்துப் பார்த்தோம்.

சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளை என்றால் இந்தப் படியை முதல் படியாக வையுங்கள். நடுவண் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டமும் தகுதியுள்ள பிள்ளைக்குத் தனிநபர் கல்வித் திட்டம், அதாவது ஐ.இ.பி. வகுத்துத் தர வேண்டும். சட்டம் எல்லா ஊருக்கும் ஒன்று, நடைமுறை ஊருக்கு ஊர் வேறு. நியூ ஜெர்சியில் இதைக் கவனிப்பது பிள்ளை ஆய்வுக் குழு: பள்ளி உளவியலாளர், கற்றல் குறைபாட்டு ஆசிரியர் ஆலோசகர், சமூகப் பணியாளர். அந்தக் குழுவிடம் பேச நேரம் கேளுங்கள். இத்தகைய பிள்ளைகளை மாவட்டத்துக்குள்ளேயே வைத்துக் கற்பிக்கிறார்களா, வெளிப் பள்ளிகளுக்கு அனுப்புகிறார்களா, பொது வகுப்பில் இரண்டு ஆசிரியர் சேர்ந்து கற்பிக்கும் முறை உண்டா என்று விசாரியுங்கள். சிறப்புக் கல்விப் பெற்றோருக்கு ஓர் ஆலோசனைக் குழு மாவட்டந்தோறும் இருக்க வேண்டும். அந்தப் பெற்றோரிடம் பத்து நிமிடம் பேசினால் போதும், எந்தத் தளத்திலும் கிடைக்காத செய்தி கிடைக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து நேரே வருகிற பிள்ளைக்கு ஆங்கிலத் துணை வகுப்பு கிடைக்கும். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று சேர்க்கையின்போது ஒரு படிவம் கேட்கும். தமிழ் என்று எழுதத் தயங்க வேண்டாம். அந்தத் துணை வகுப்புக்காகப் பிள்ளையை எந்தப் பாடத்திலிருந்து வெளியே அழைத்துப் போகிறார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கணிதப் பாதை நம் வீடுகளில் பெரிய பேச்சு. எந்த வகுப்பில் பிரிவு தொடங்குகிறது, தேர்வா ஆசிரியர் பரிந்துரையா, தவறவிட்டால் மறுபடி நுழைய வழி உண்டா? இந்த மூன்றும் பாடத்திட்டக் கையேட்டில் இருக்கும். ஏ.பி. என்னும் கல்லூரி அளவுப் பாடங்கள் எத்தனை என்று எண்ணுவதை விட, விரும்பிய மாணவர் எல்லோரும் சேரலாமா என்று பாருங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2015இல் வெஸ்ட் விண்ட்சர்-பிளெயின்ஸ்பரோ மாவட்டக் கண்காணிப்பாளர் பெற்றோருக்கு 16 பக்கக் கடிதம் எழுதினார். முந்தைய பள்ளியாண்டில் 120 மாணவர்கள் மனநல மதிப்பீட்டுக்குப் பரிந்துரைக்கப்பட்டதையும், 40 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதையும் அதில் சொன்னார். வீட்டுப்பாடம் இல்லாத இரவுகள் வந்தன. உயர்நிலைப் பள்ளியில் இடைப்பருவத் தேர்வும் இறுதித் தேர்வும் நிறுத்தப்பட்டன. பெற்றோர் இரண்டாகப் பிரிந்து வாதிட்டார்கள், நம் ஆசியச் சமூகத்தில் பலர் பாடத்தின் தரம் தாழ்கிறது என்று எதிர்த்தார்கள். பிரச்சினையைப் பகிரங்கமாக எழுதிய மாவட்டத்தை நான் மதிக்கிறேன். முதல் தர மதிப்பெண் வாங்கும் ஊர்களில் பிள்ளைகள் எப்படித் தூங்குகிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். ஓர் ஆலோசகருக்கு எத்தனை மாணவர், மனநல உதவி பள்ளிக்குள்ளேயே உண்டா, 10ஆம் வகுப்புப் பிள்ளை இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறது? கடைசிக் கேள்வியை அந்த ஊரில் இருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடமே கேளுங்கள், பெற்றோரிடம் வேண்டாம்.

ஐந்தாம் படி: வரி

நியூ ஜெர்சியின் சொத்து வரி நாட்டிலேயே மிக உயர்ந்தது. சராசரி வீட்டின் ஆண்டு வரி 2024இல் 10,000 டாலரைத் தாண்டியது. மாநில அளவில் அதில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்குப் போகிறது.

இரண்டு ஊர்களை ஒப்பிடும்போது பொது வரி விகிதத்தைப் பார்க்காதீர்கள். ஓர் ஊர் வீடுகளை மறுமதிப்பீடு செய்து பல ஆண்டுகள் ஆகியிருந்தால் மதிப்பு பழையதாகவும் விகிதம் பெரியதாகவும் தெரியும். மாநிலம் வெளியிடும் நடைமுறை வரி விகிதத்தைப் பாருங்கள், அதுதான் சந்தை விலையை ஒட்டியது. எடுத்துக்காட்டாக, 7,00,000 டாலர் வீட்டுக்கு ஓர் ஊரில் விகிதம் 2.2, இன்னோர் ஊரில் 1.9 என்று வைத்துக்கொள்வோம். 15,400 டாலர், 13,300 டாலர். ஆண்டுக்கு 2,100 டாலர் வித்தியாசம். 12 ஆண்டுப் பள்ளிப் படிப்புக்கு 25,200 டாலர். ஒரே மாவட்டத்தில் இருந்தாலும் வெஸ்ட் விண்ட்சருக்கும் பிளெயின்ஸ்பரோவுக்கும் விகிதம் வேறு, ஏனென்றால் நகராட்சி வேறு, கவுண்டி வேறு.

வாடகைக்கு இருப்பவர்களும் அதே பள்ளிகளுக்கு முழு உரிமை உள்ளவர்கள். கைமுதல் கரையும்படி வீடு வாங்குவதற்கு முன், அதே ஊரில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பது பலருக்கும் நல்ல வழி.

ஆறாம் படி: அடுத்த பத்தாண்டு

இன்றைய பள்ளியைப் பார்த்து வாங்குகிறோம், பிள்ளை படிப்பதோ நாளைய பள்ளியில். மாநில நிதியுதவிச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டபின் சில மாவட்டங்களுக்கு ஆண்டுதோறும் உதவி குறைந்துகொண்டே வந்தது. ஜாக்சன் டவுன்ஷிப் அவற்றில் ஒன்று. அங்கிருந்த இரண்டு உயர்நிலைப் பள்ளிகள் 2025இல் ஒன்றாக இணைக்கப்பட்டன. உள்ளூர் வரியை ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் கூட்டச் சட்டம் பெரும்பாலும் இடம் தராது. ஆகவே உதவி குறைந்தால் ஆசிரியர் எண்ணிக்கை, இசை வகுப்பு, பேருந்து இவற்றில்தான் கை வைப்பார்கள்.

மாவட்டங்கள் எளிய வடிவில் வரவு செலவுத் திட்டத்தை வெளியிட வேண்டும். மூன்று ஆண்டு எடுத்து மாநில உதவித் தொகையை மட்டும் பாருங்கள். ஒரு மாணவருக்கான செலவு கூடுதலாக இருப்பதாலேயே ஊர் சிறந்தது என்று எண்ண வேண்டாம். சிறப்புக் கல்வியும் போக்குவரத்தும் அந்த எண்ணை உயர்த்தும்.

பிறகு கல்வி வாரியக் கூட்டக் குறிப்புகள். வாரியக் கூட்டங்கள் சட்டப்படி பொதுமக்களுக்குத் திறந்தவை. பல மாவட்டங்கள் காணொளியும் போடுகின்றன. கடந்த ஓராண்டுக் குறிப்புகளில் எல்லை மாற்றம் என்ற பேச்சு வருகிறதா என்று தேடுங்கள். ஊர்கள் குறைந்த விலை வீடுகளுக்கும் இடம் தர வேண்டும் என்று மாநிலம் விதிக்கும் கடமையின் நான்காவது சுற்று 2025 ஜூலையில் தொடங்கிவிட்டது. பல புறநகர்களில் புதிய அடுக்குமாடிகள் வரும். அது நல்லதே, பள்ளிக்குப் புதிய பிள்ளைகள் வருவார்கள். ஆனால் தொடக்கப் பள்ளி இப்போதே நிரம்பி வழிந்தால், எல்லைக் கோட்டின் ஓரத்தில் இருக்கும் உங்கள் தெரு வேறு பள்ளிக்குப் போகலாம். பள்ளிக்கு மிக அருகில் இருக்கும் வீடுகளை எல்லை மாற்றம் அநேகமாகத் தொடாது.

ஏழாம் படி: நேரில் போய் நில்லுங்கள்

வேலை நாளில், பள்ளி விடும் நேரத்தில் போங்கள். நாங்கள் ஐந்து பள்ளிகளின் வாசலில் நின்றிருக்கிறோம். ஒரு பள்ளியில் மழை தூறிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியர் குடை பிடித்துக்கொண்டு பேருந்துப் படியில் ஏறும் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி வழியனுப்பினார். கையில் காகிதப் பறவையோடு வந்த சின்னப் பையன் ஒருவன் அது நனையாமல் இருக்க அவரிடமே கொடுத்துவிட்டு ஏறினான். அவர் அதைத் தன் மேல்சட்டைக்குள் வைத்துக்கொண்டார். மனைவி என் கையைத் தொட்டு, "இங்கே பார்க்கலாமா?" என்றாள்.

பேருந்துக் கேள்வியையும் அப்போதே முடித்துவிடுங்கள். 8ஆம் வகுப்பு வரை 2 மைலுக்கு மேலும், உயர்நிலைப் பள்ளிக்கு 2.5 மைலுக்கு மேலும் இருந்தால்தான் மாவட்டம் பேருந்து தரச் சட்டக் கட்டாயம். அதற்குள் இருப்பவர்களுக்குச் சில ஊர்கள் சலுகையாக விடுகின்றன, சில ஊர்கள் கட்டணம் வாங்குகின்றன. 1.9 மைலில் வீடு, இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், நடைபாதை இல்லாத சாலை என்றால் ஒவ்வொரு காலையும் பெரும்பாடு. மழலையர் வகுப்பு முழு நாளா அரை நாளா, பள்ளி முடிந்தபின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் திட்டத்தில் இடம் இருக்கிறதா என்பதும் இதோடு சேர்ந்த கேள்விகள்.

எட்டாம் படி: காகிதமும் பதிவும்

இரண்டு மூன்று வீடுகளுக்கு வந்துவிட்டீர்கள் என்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள் எடுங்கள். மேலே கதவு எண்ணை எழுதுங்கள், ஊர்ப் பெயரை வேண்டாம். மூன்று கட்டடங்களின் பெயர், அவற்றின் மூன்றாண்டு வளர்ச்சி எண், உங்கள் பிள்ளைக்கு வேண்டிய ஒன்று அங்கே இருக்கிறதா, ஆண்டு வரி, பேருந்து, வேலைக்குப் போய்வரும் நேரம். எல்லாத் தாளையும் மேசையில் பரப்பி, இருவரும் தனித்தனியாக வரிசைப்படுத்திவிட்டு ஒப்பிடுங்கள். எங்கள் இருவர் வரிசையும் முதலில் மாறித்தான் இருந்தது. எனக்கு ரயில் நிலையம் பெரிதாகப் பட்டது, அவளுக்கு அந்தத் தலைமையாசிரியர். ரயிலுக்கு நான் இன்னும் 15 நிமிடம் கூடுதலாகத்தான் வண்டி ஓட்டுகிறேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முந்திய நாள் மாவட்டப் பதிவு அலுவலகத்தை மறுபடி அழைத்து, கதவு எண்ணைச் சொல்லி, மூன்று பள்ளிப் பெயரையும் மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். மழலையர் வகுப்புக்குப் பெரும்பாலான மாவட்டங்களில் அக்டோபர் 1க்குள் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். குடியிருப்புச் சான்று, பிறப்புச் சான்று, முந்தைய பள்ளியின் மதிப்பெண் பட்டியல் கேட்பார்கள். இந்தியாவிலிருந்து வரும் பிள்ளைகளின் தடுப்பூசிப் புத்தகத்தில் இரண்டு இடத்தில்தான் அடிக்கடி இடைவெளி இருக்கும்: சின்னம்மை, பொன்னுக்கு வீங்கி. அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இவை இல்லாததால் தனியாகப் போடாத பிள்ளைகள் நிறைய. நியூ ஜெர்சிப் பள்ளிகள் இரண்டையும் கேட்கும். காசநோய்ப் பரிசோதனையும் கேட்கப்படலாம். பி.சி.ஜி. போட்ட பிள்ளைக்குத் தோல் பரிசோதனை பொய்யாகத் தடித்துக் காட்டக்கூடும், எனவே மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனையாகவே எடுக்கச் சொல்லுங்கள். ஆகஸ்டு மாதம் மருத்துவர்களிடம் கூட்டம் அலைமோதும். ஜூலை முதல் வாரத்திலேயே நேரம் வாங்கிவிடுங்கள்.